மூன்றாம் சனிக்கிழமை காணாமல் போன கருப்பட்டி

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. காலை மணி 10.40.

கண்ணாடித் தொட்டி காலி.

கோகிலவாணி தோளில் தொங்கிய பையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் நின்றாள். மேல்மூடியின் கம்பிவலை ஒரு மூலையில் பிரிந்து நின்றது. உள்ளே தேங்காய்நார் இருந்தது, தண்ணீர்க் கிண்ணம் இருந்தது, ஒரு சின்ன வெப்பமானி இருந்தது. கருப்பட்டி மட்டும் இல்லை.

கருப்பட்டி ஒரு பாம்பு. முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே சுளித்து முடித்துக்கொள்ளுங்கள், கதை போகவேண்டும். 'பால் பைதான்' என்று பெயர், குடிக்கிற பால் இல்லை, பந்து. ஆப்பிரிக்க வம்சம், மூன்றரை அடி, விஷம் கிடையாது. பயந்தால் சீறாது, சுருண்டு தலையை உடம்புக்குள் ஒளித்துக்கொள்ளும். நம்மூர்ப் பாம்பை வளர்த்தால் ஜெயில். இது வெளிநாட்டுச் சாதி. முறைப்படி பதிவு செய்து வாங்கிய சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு சாமிப் படங்களுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தாள் கோகிலா. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு எலி. பகல் முழுக்கப் படுக்கவைத்த மண்கலயத்துக்குள் தூக்கம். இதைவிடச் சத்தமில்லாத குடித்தனக்காரர் கள்ளக்குறிச்சியில் ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்.

கோகிலாவுக்கு இருபத்தெட்டு வயது. தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ஊசி குத்தவேண்டும் என்பதால் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவாள். கிளம்பும்போது கருப்பட்டி தூங்கிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் தேடினாள். பீரோவுக்குப் பின்னால் தேடினாள். குளியலறை வாளியைக் கவிழ்த்தாள். "கருப்பட்டி!" என்று கூப்பிட்டும் பார்த்தாள். பாம்புக்குக் காது கேட்காது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவளும் அவள்தான்.

அந்தச் சத்தத்தில் கீழ்வீட்டிலிருந்து கண்ணாயிரம் படியேறி வந்தார். வீட்டுக்குச் சொந்தக்காரர், கொல்லையில் பதினாறு கோழி வளர்க்கிறவர். காலித் தொட்டியைப் பார்த்ததும் இரண்டு படி பின்னால் இறங்கினார்.

"இன்னாம்மா, வுட்டுட்டியா? நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

11 மணிக்குள் தெருவே திரண்டுவிட்டது. ஆளுக்கொரு தடி. ஒருவர் கடப்பாரையோடு வந்திருந்தார். கண்ணாயிரம் போலீசுக்கும் போன் போட்டு, கோகிலாவுக்கும் கெடு வைத்தார்.

"சாயங்காலம் அஞ்சு மணி. அதுக்குள்ள அது ஆப்டலன்னா நீ வூட்ட காலி பண்ணு. ஆப்ட்டா நாங்களே அடிச்சி எரிச்சிர்றோம்."

"அதும் மேல ஒரு அடி வுழுந்திச்சி, உங்க பதினாறு பேரையும் ஸ்டேஷன்ல உக்கார வெப்பேன்" என்றாள் கோகிலா. கூட்டத்தில் பதினாறு பேர் இருந்தார்களா, கோழிக் கணக்கு வாய்தவறி வந்ததா, யாரும் எண்ணவில்லை. ஆனால் தெருவில் இத்தனை தடி இருக்கையில் ஒரு சாதுப் பாம்பு சாயங்காலம் வரை உயிரோடு இருக்குமா என்ற பயம் அவளைப் பிடித்து உலுக்கியது.

11.15. அண்ணன் சரத்குமார் தியாகதுருகத்திலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தான். கரும்பும் மரவள்ளியும் போடுகிற விவசாயி. அப்பா போனபிறகு தங்கையை வளர்த்துப் படிக்கவைத்தவன். நெற்றியில் புதிதாக இட்ட நாமம். வேர்த்துக் கொட்டியது. வழக்கமாகத் தோளில் கிடக்கும் பச்சைத் துண்டு இல்லாததால் சட்டைக் கையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"வுடும்மா. போனது போவட்டும். இனிமே வேணாம் இந்த வேல. அடுத்ததுன்னு ஒண்ணு வாங்கப் போறேன்னு சொல்லிக்கினு இருந்தியே, அதுவும் வேணாம்."

மேசைமேல் ஒரு நோட்டு திறந்து கிடந்தது. ஒரு மாதமாகக் கோகிலா யோசித்து எழுதிய பட்டியல் அதில் இருந்தது. அடுத்து வளர்க்க எந்தப் பாம்பு?

கென்யா மண்ணுளி: அடித்திருந்தது. பக்கத்தில், "இருதலைப் பாம்புக் கடத்தல் என்று பேர் கட்டுவார்கள்." போவா: அடித்திருந்தது. "ஏழடி. தெரு தாங்காது." முட்டைதின்னிப் பாம்பு: இரண்டு கோடு போட்டு அடித்திருந்தது. "பல்லே இல்லாத சாது, ரொம்பப் பிடிக்கும். ஆனால் கண்ணாயிரம் அண்ணன் கோழி வளர்க்கிறார்." கடைசியில் மிச்சமிருந்தது கார்ன் ஸ்நேக். ஆரஞ்சு நிறம், ஒல்லி. "யாரும் பயப்பட மாட்டார்கள்."

நாலுக்கும் ஊர்தான் காரணம். வளர்க்கப் போகிறவள் ஆசை எங்கே என்று கேட்க ஆளில்லை.

11.30. சப்-இன்ஸ்பெக்டர் காசியம்மாள் ஜீப்பிலிருந்து இறங்கினார். ஐம்பத்துநாலு வயது. சொந்த ஊர் வெள்ளிமலை. கான்ஸ்டபிளாகச் சேர்ந்து ஒவ்வொரு படியாக ஏறியவர். வாசலில் சரத்குமார் பைக்கின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டிருந்தான். பெட்டிக்குள் மழைக்கோட்டு, ஒரு பால் பாக்கெட், கற்பூரம், நாளிதழில் சுற்றிய இரண்டு முட்டை. காசியம்மாள் அவனைக் கடந்து படியேறினார்.

தெருமுனையில் திடீரென்று ஒரு கூச்சல். "ஆப்ட்டுச்சி! அடி, அடி!" படபடவென்று அடி விழுந்தது. கோகிலா தலைவிரிகோலமாக ஓடினாள். நாலு பேர் சேர்ந்து அடித்துக் கிழித்திருந்தது ஒரு பழைய மோட்டார் ஹோஸ் பைப். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். அழுது முடித்து எழுந்து, அடித்தவரிடமிருந்து தடியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள்.

"தடியெல்லாம் கீழ போடுங்க" என்று மாடியிலிருந்தே அதட்டினார் காசியம்மாள். "எங்க மலையில தடுக்கி வுழுந்தா பாம்பு. நாங்க இந்த ஆட்டம் ஆடுனதில்ல. போய் வேலையப் பாருங்க!"

பிறகு தொட்டியைப் பார்த்தார். நாரைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

"போட்டோ எதுனா இருக்குதா?"

கோகிலா முந்தினநாள் எடுத்ததைக் காட்டினாள். தொட்டிக்கு நடுவில், தன் இடத்திலிருந்து தலையை மட்டும் நீட்டியபடி கருப்பட்டி. காசியம்மாள் போனைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"உன் வூட்டுச் சாவி யாரு யாருகிட்ட இருக்குது?"

"எங்கிட்ட ஒண்ணு. வூட்டுக்காரர்கிட்ட ஒண்ணு. அண்ணன்கிட்ட ஒண்ணு. அப்புறம் சந்தோஷுக்கு நான் சாவி வெக்கற எடம் தெரியும். சின்னசேலத்துல அவரும் பாம்பு வளக்கறாரு. நான் வெளியூரு போனா வந்து பாத்துக்குவாரு. அடுத்த பாம்ப அவர்கிட்டதான் வாங்கறேன். இப்ப வந்துக்கினு இருக்காரு."

"மூணு பேரு. சரி. ஒவ்வொருத்தரா கூப்புடு."

11.45. கண்ணாயிரம்.

"காலையில எங்க இருந்தீங்க?"

"ஏழு மணிக்கு உழவர் சந்தை. எட்டரைக்கு வந்தேன். தெருவே காலிங்க. எல்லாரும் பெருமாள் கோயிலு வரிசையில."

"பாம்புன்னா பயமோ?"

"பயமா? போன மாசம் கொல்லையில ஒரு சாரைப்பாம்பு. ஒரே போடு. அங்கியே முடிஞ்சிது."

"பாவமில்லையா?"

"பாம்ப அடிக்கறதுல இன்னாங்க பாவம்?"

"சாரைய அடிச்சது சட்டப்படி குத்தம். அத அப்புறம் பேசிக்கிறேன். போங்க."

12.05. சந்தோஷ் வந்தான். முப்பது வயது, தாடி, கையில் ஒரு பருத்திப் பை. விஷயம் கேட்டதும் முகம் செத்துவிட்டது.

"பையில இன்னா?" என்றார் காசியம்மாள்.

"கார்ன் ஸ்நேக் குட்டி மேடம். கோகிலா கடைசியா ஒரு தடவ பாக்கணும்னு சொன்னாங்க." முடிச்சை அவிழ்த்து வெறுங்கையை உள்ளே விட்டு, ஒரு ஆரஞ்சு நிறக் குட்டியை வெளியே எடுத்தான். அது அவன் விரல்களில் சுற்றிக்கொண்டது. வாசலில் நின்ற கண்ணாயிரம் கதவுக்குப் பின்னால் போய்விட்டார். சரத்குமார் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"கருப்பட்டிய உனக்குக் குடுக்கச் சொல்லி எப்பயாவது கேட்டிருக்கியா?"

சந்தோஷ் தயங்கினான். "போன வருஷம் கேட்டேன். எங்கிட்ட பொட்ட ஒண்ணு இருக்குது, ஜோடி சேக்கலாம்னு. குடுக்க மாட்டேன்னாங்க. அத்தோட வுட்டுட்டேன்."

"காலையில?"

"சின்னசேலம் ரயிலடி. சேலத்துலருந்து தங்கச்சி வந்துச்சி. ரயிலு லேட்டு."

காசியம்மாள் டீ வரவழைத்தார். முனைக்கடையிலிருந்து கூடவே முட்டை போண்டாவும் வந்தது. ஒன்றை எடுத்து சரத்குமார் பக்கம் நீட்டினார்.

"சாப்புடுப்பா. காலையிலருந்து அலையற."

"ஐயோ, வேணாங்க மேடம். புரட்டாசி. அதுலயும் சனிக்கெழம. எங்க வூட்டுல ஒருத்தரும் தொட மாட்டோம். சின்னதுங்ககூட. கறிச்சட்டி, முட்டைக் கரண்டி எல்லாத்தையும் மாசப் பொறப்புக்கே கழுவிப் பரண்ல போட்டாச்சு."

"நல்ல விரதம். காலையில கோயிலா?"

"ஆமாங்க. ஏழு மணிக்கே வரிசையில நின்னேன்."

"கருப்பட்டிய நெனச்சா கவலையா இருக்குதா?"

அவன் வேறெங்கோ பார்த்தான். "எனக்கு அத கண்டாலே ஆவாதுங்க. ஆனா அதுவும் ஒரு உசுருதான?"

காசியம்மாள் போண்டாவைத் தானே சாப்பிட்டு முடித்தார். டீயும் முடிந்தது. மணி 12.50.

"எல்லாரும் உள்ள வாங்க" என்றார். "கோகிலா, உன் பாம்பு தப்பிச்சுப் போகல. ஒரு ஆளு எடுத்துட்டுப் போயிருக்கான். அந்த ஆளு இங்கதான் நிக்கறான்."

கண்ணாயிரம் சீறினார். "வல பிரிஞ்சி கெடக்குதேங்க?"

"வலையப் பாத்தீங்க. தொட்டிக்குள்ள இருந்ததப் பாத்தீங்களா? கோகிலா, நீ சொல்லு. உள்ள இன்னா இருக்குது?"

"நாரு. கிண்ணம். வெப்பமானி." கோகிலா நிறுத்தினாள். கண் விரிந்தது. "கலயம்! கலயம் எங்க?"

"அதான். போட்டோல கருப்பட்டி கலயத்து வாயிலருந்து தலைய நீட்டிக்கினு இருக்குது. இப்ப கலயத்தயும் காணோம். தப்பிச்சுப் போற பாம்பு தன் வூட்டையும் தூக்கிக்கினு போவுமா? பாம்பத் தேடற அவசரத்துல அத ஒருத்தரும் பாக்கல. நீயும் பாக்கல. வல பிரிஞ்சது நம்மள ஏமாத்த."

சந்தோஷ் மெதுவாகச் சொன்னான். "பகல்ல அது கலயத்துக்குள்ளதான் தூங்கும். வாயக் கட்டித் தூக்கிட்டா..."

"பாம்பத் தொடவே வேணாம். அதனால நீ இல்லப்பா. நீ வெறுங்கையால எடுத்துப் பைக்குள்ள வுட்டுட்டுப் போயிருப்ப, உனக்கு எதுக்குக் கலயம்? எடுத்தவன் பாம்பத் தொட பயப்படறவன்." காசியம்மாள் திரும்பினார். "கண்ணாயிரம் ஐயாவும் பயந்தவர்தான். ஆனா பயந்தா அவரு தடிய எடுப்பாரு. அவரு கைபட்டிருந்தா இந்நேரம் கொல்லையில பொதச்சிருப்பாரு. எடுத்தவனுக்குப் பயமும் இருக்குது, பக்தியும் இருக்குது. அடிச்சாப் பாவம்னு நெனக்கறவன். விவசாயியா இருந்தும் தோள்ல துண்டு இல்லாம, சட்டைக் கையில வேர்வை தொடச்சவன்."

எல்லாரும் சரத்குமாரின் வெறும் தோளைப் பார்த்தார்கள்.

"சரத்குமார், உன் பைக் பெட்டியில ரெண்டு முட்டை இருக்குது. புரட்டாசி சனிக்கெழம. உங்க வூட்டுல சின்னதுங்ககூடத் தொடாது, கரண்டியகூடப் பரண்ல போட்டாச்சுன்னு சொல்ற. அப்போ அந்த முட்டை யாருக்குப்பா?"

சரத்குமார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் பால் பாக்கெட்டும் கற்பூரமும் இருந்ததைச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

"புத்துக்கு வெக்கற மாதிரி வெக்கறதுக்கு" என்றார் காசியம்மாள். "பாம்பு பாலும் முட்டையும் சாப்புடும்னு நம்பறவன் நீ. எடுத்துக்கினு போனது திருட்டு. பட்டினி போட மனசு வல்ல. அதுல மாட்டிக்கின."

கோகிலா அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீயாண்ணா?"

"நாளைக்கு உன்னப் பொண்ணு பாக்க வராங்க கோகி" என்றான் அவன். "வூட்டுல பாம்பு இருக்குதாமேன்னு மாப்ள வூட்டுல கேட்டாங்க. இல்லன்னுட்டேன். காலையில வரிசையில நின்னேன், மனசு நிக்கல. நடுவுலயே வந்து துண்டால கலயத்து வாயக் கட்டி எடுத்துக்கினு போயிட்டேன். பாலும் முட்டையும் வெச்சேன், தொடவே இல்ல. பசிக்குமேன்னு சாயங்காலத்துக்கு வேற வாங்கினேன். திங்கக்கெழம வெள்ளிமலைக்குக் கொண்டுபோய் காட்டுல வுட்டுடலாம்னு..."

"எங்க மலை இன்னா உங்க ஊரு குப்பத்தொட்டியா?" என்று வெடித்தார் காசியம்மாள். "அந்தக் குளுர்ல அது ரெண்டு நாள் தாங்காது. தெரியுமா?"

"எட்டாவது படிக்கறப்ப அப்பா போனாரு, நீதான் ஆளாக்கின" என்றாள் கோகிலா. கண்ணில் தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. "அதுக்கு உன் கால்ல வேணா வுழறேன். ஆனா என் வூட்டத் தொறந்து என் உசுர எடுத்துக்கினு போக உனக்கு உரிமை இல்ல. பொண்ணு பாக்க வரவங்களுக்காக என்ன பாதி மறைச்சி, பாதியக் காட்டுவியா? எனக்கு வெக்கமா இல்ல. உனக்குதான் வெக்கம்."

2.10. தியாகதுருகம். கரும்புக் காட்டு ஓரம், சரத்குமாரின் மோட்டார் கொட்டகை.

மூலையில் கலயம். வாயில் பச்சைத் துண்டு, அவிழ்க்கக்கூட இல்லை. கலயத்தின்மேல் மஞ்சள் தடவி, மூன்று இடத்தில் குங்குமம் வைத்து, ஒரு முழம் சாமந்திப்பூ சுற்றியிருந்தது. எதிரே ஒரு தட்டில் பால், எறும்பு மொய்த்துக் கிடந்தது. பக்கத்தில் குங்குமம் வைத்த ஒரு முட்டை.

கோகிலா துண்டை அவிழ்த்தாள். உள்ளே கருப்பட்டி தலையை ஒளித்துச் சுருண்டிருந்தது. கையை விட்டு எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலை மெல்ல வெளியே வந்தது. நாக்கு நீண்டது.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. குங்குமம் வைத்த முட்டையைப் பார்த்துச் சிரிப்பு. அதை வைத்தவனை நினைத்து அழுகை.

3.30. கள்ளக்குறிச்சி.

கருப்பட்டி தொட்டியில். வலையைச் சந்தோஷ் சரிசெய்து கொடுத்தான். கண்ணாயிரம் படியில் நின்று தொண்டையைச் செருமினார்.

"இருந்தாலும் அடுத்த மாசம் வேற எடம் பாத்துக்கம்மா. எனக்கு ஒத்துவராது."

"பாக்க மாட்டேன்" என்றாள் கோகிலா. "பாம்பு வெளிய போகல. ஆளுதான் உள்ள வந்தாங்க. ஒப்பந்தம் இன்னும் எட்டு மாசம் இருக்குது. அந்த எட்டு மாசமும் இருப்பேன். உங்ககிட்ட இருக்கற சாவியக் குடுங்க. அண்ணா, நீயும்."

இரண்டு சாவிகள் மேசைக்கு வந்தன.

"இப்ப மாப்ள வூட்டுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல."

சரத்குமார் போட்டான். பாம்பு இருக்கிறது என்றான். அடுத்த மாதம் இரண்டு இருக்கும் என்று கோகிலா எட்டிச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

"நல்லா யோசிக்கட்டும். வந்தா தொட்டி கூடத்துலதான் இருக்கும்" என்றாள் கோகிலா.

"புகார் எழுதறியா?" என்று கேட்டார் காசியம்மாள். "எழுதினா இவன் எங்கூட வரணும்."

சரத்குமார் தலையைக் குனிந்து நின்றான். கோகிலா நோட்டை இழுத்தாள். பேனாவை எடுத்தாள். எழுதியது புகார் இல்லை. மிச்சமிருந்த கார்ன் ஸ்நேக்கை ஒரே கோட்டில் அடித்தாள். இரண்டு கோடு போட்டு அடித்திருந்த வரியை, "கண்ணாயிரம் அண்ணன் கோழி வளர்க்கிறார்" என்பதை மட்டும் விட்டுவிட்டு, கீழே மறுபடி பெரிதாக எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"சந்தோஷ், எனக்கு முட்டைதின்னிப் பாம்பு வேணும். வளந்ததா ஒண்ணு."

"கார்ன் ஸ்நேக்குன்னு சொன்னீங்க?"

"அது மத்தவங்களுக்குப் புடிச்சது. இது எனக்குப் புடிச்சது. உலகத்துல முட்டைய மட்டுமே தின்னற பாம்பு." அண்ணன் பக்கம் திரும்பினாள். "பாம்புக்கு முட்டை வெக்கணும்னு ஆசப்பட்டல்ல? வெய்யி. காடை முட்டை. நீதான் வாங்கியாரணும், நீதான் உன் கையால உள்ள வெக்கணும். எல்லா மாசமும். புரட்டாசியிலயும். அதான் தண்டன. ஒத்துக்கினா புகார் இல்ல."

காசியம்மாள் தொப்பியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

சரத்குமார் நாமத்தில் வழிந்த வேர்வையைச் சட்டைக் கையில் துடைத்தான். தொட்டியை ஒரு பார்வை பார்த்தான்.

"வாரத்துக்கு எத்தினி வேணும் கோகி?" என்று கேட்டான்.